அறுபத்தொன்றாம் இதழின் மச்சம்

என் அண்ணியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் தெரிந்துகொண்டு யாரும் என்மேல் பாயக் கூடாது. நாற்பத்தொரு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அண்ணன் இருந்தவரை நடுவில் அவன் இருந்தான். அவன் போய் ஒன்பது வருடமாகிறது. இப்போது நடுவில் ஒரு சாப்பாட்டு மேசை இருக்கிறது. ஒரே அடுப்பு, இரண்டு உப்பு டப்பா. என் உப்பை அவள் தொட்டால் எனக்குத் தெரிந்துவிடும். அவள் மூடியை இறுக்குகிற இறுக்கு அப்படி.

ஆள் குள்ளம். தடித்த கண்ணாடி. இடது கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம். பேச்சு குறைவு, பேசினால் வெடுக்கென்று இருக்கும். முப்பத்து மூன்று வருடம் ஓர் அச்சகத்தில் ஃபிலிம் ஒட்டுகிற வேலை பார்த்தாள். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை ஒன்று இருக்கும். அதன்மேல் படங்களின் ஃபிலிமைப் பரப்பி, அளவு பார்த்து வெட்டி, பக்கம் பக்கமாக டேப் போட்டு ஒட்ட வேண்டும். அதை வைத்துத்தான் பிளேட் போடுவார்கள், பிளேட்டை வைத்துத்தான் அச்சடிப்பார்கள். என் அண்ணன் அதே அச்சகத்தில் கேமரா அறையில் இருந்தான். அவன் படத்தை ஃபிலிமாக்கிக் கொடுப்பான், அவள் ஒட்டுவாள். அப்படித்தான் பழக்கம், அப்படித்தான் கல்யாணம். நான் டெலிபோன் ஆபீசில் இணைப்புக் கொடுக்கிற வேலையில் இருந்துகொண்டு அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டேன். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்காதீர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு காரணம் சொல்லி, எது உண்மை என்று எனக்கே மறந்துவிட்டது.

அந்த அச்சகத்தில் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது ‘இடிக்கையன்’ காமிக்ஸ். பகலில் அவன் நான்காவது மாடியில் கூன் போட்ட ஒரு குமாஸ்தா. ஊரில் ஆபத்து என்றால் லிப்டுக்குள் போவான். கதவு மூடித் திறப்பதற்குள் நீல உடுப்பு, இரும்புக் கையுறை, நிமிர்ந்த முதுகு. ஒரு தட்டு தட்டினால் சுவர் விழும். அவனுக்கு எதிரி அமிலவாயன். அவன் துப்பினால் பாலம் உருகும். இவர்களுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து லிப்ட் ஓட்டுகிற ஒரு பெண் உண்டு, பெயர் லிப்ட் அக்கா. இடிக்கையன் யார் என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அமிலவாயனின் ஆட்கள் வந்து மிரட்டினாலும் “எந்த மாடி சார்?” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

அந்த லிப்ட் அக்காவின் முகம் என் அண்ணியுடையது. ஓவியர் படங்களைக் கொடுத்துவிட்டு அச்சகத்தில் காத்திருப்பார். எதிரே விளக்கு மேசையில் குனிந்திருந்த முகத்தை வரைந்து பழகியவர், அதையே கதைக்குள் ஏற்றிவிட்டார். கண்ணாடி, மச்சம், அந்தக் கடுகடுப்பு, எல்லாம் அச்சு அசல். ஊரில் பிள்ளைகளெல்லாம் அவளைப் பார்த்து “எந்த மாடி அக்கா?” என்று கேட்டார்கள். இவள் ஒருநாள்கூடச் சிரித்ததில்லை.

அறுபத்தொன்றாம் இதழில்தான் வினை வந்தது. கடைசிப் பக்கம் முழுக்க ஒரே படம், வசனம் கிடையாது. லிப்ட் அக்கா நேராக நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், அவ்வளவுதான். ஆனால் மச்சம் வலது கன்னத்தில் இருந்தது. லிப்டின் கைப்பிடியும் இடம் மாறியிருந்தது. ஃபிலிம் இடவலம் திரும்பிவிட்டது. எழுத்து இருந்திருந்தால் காட்டிக் கொடுத்திருக்கும். எழுத்தில்லாத படத்துக்கு யார் சாட்சி? வாசகர்கள் கடிதம் எழுதிக் குவித்துவிட்டார்கள். காமிக்ஸ்காரர்கள் அச்சகத்தை மாற்றப் போவதாக மிரட்டினார்கள். முதலாளி அண்ணனையும் அண்ணியையும் நிற்க வைத்து விசாரித்தார். “எனக்கு வந்தபடி ஒட்டினேன்” என்றாள் அண்ணி. அப்படியானால் கேமரா அறையில்தான் தப்பு. அண்ணனுக்கு வேலை போயிற்று.

பதினான்கு வருடம் கேமராவுக்குப் பின்னால் நின்றவன் பார்சல் கிடங்கில் மூட்டைக்குச் சீட்டு ஒட்டப் போனான். அங்கேயும் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. ‘மச்சம்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். “மச்சம் வந்துட்டாரு”, “மச்சம், இந்த மூட்டைக்கு இடது வலது சரியா பாத்துக்க.” அவன் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. தப்பு தன்னுடையதுதான் என்று அவனும் நம்பினான். சாப்பிடும்போது கை அப்படியே நிற்கும். “எப்படி மாத்தி எடுத்தேன்னு இன்னிக்கும் புரியல” என்பான். அவனை எடுத்துக்கொண்டு போன அன்று, கிடங்கிலிருந்து வந்த ஒருவன் வாசலில் நின்று, “மச்சம் வீடு இதுதானே?” என்று கேட்டான். அவனை அறைந்திருக்க வேண்டும். வழி காட்டிவிட்டேன்.

இந்த ஆறாத புண்ணில்தான் போன வருடம் ஒரு நாவலாசிரியர் வந்து கை வைத்தார்.

வயது நாற்பது இருக்கும். முழுக்கை சட்டை, தோளில் துணிப்பை, எதையும் ஆழமாகப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. எங்கள் வீட்டுச் சுவிட்சுப் பலகையைக்கூட அப்படித்தான் பார்த்தார். ‘நான்காவது மாடியின் மௌனம்’ என்று நாவல் எழுதியிருக்கிறாராம், நானூற்றுப் பதினாறு பக்கம். பழைய காமிக்ஸ் வீரர்களை நாவலுக்குள் கொண்டுவந்து மறுபடி படைக்கிறாராம். இப்போது எல்லோருக்கும் இந்த வியாதி வந்திருக்கிறது. பறக்கிறவனைப் பிடித்துத் தரையில் இறக்கி, முதுகுவலியைக் கொடுத்து, மனைவியோடு சண்டை போட வைத்தால் அது இலக்கியம். இவருடைய இடிக்கையனுக்குத் தூக்கமில்லை, உடைத்த சுவர்களை எண்ணி எண்ணி அழுகிறான். அமிலவாயனுக்குச் சின்ன வயதிலிருந்து வயிற்றுப்புண். துப்பாமல் வேறென்ன செய்வான், பாவம் என்று நாமே சொல்லிவிடுவோம்.

“ஆனா கதை அவங்களோடது இல்லைங்க” என்றார். “லிப்ட் அக்காவோடது. இருநூத்தி ரெண்டு இதழ்ல அவங்களுக்கு ஒரு நினைப்புக் குமிழிகூடக் கிடையாது. எல்லாரும் நினைக்கிறாங்க, நாய்கூட நினைக்குது. அவங்க மட்டும் நினைக்கல. அந்த மௌனத்தைத்தான் நான் எழுதியிருக்கேன்.”

அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

நாவலின் முதுகெலும்பே அறுபத்தொன்றாம் இதழின் கடைசிப் படம்தான் என்றார். மச்சம் இடம் மாறியது பிழை இல்லையாம், ஓவியர் விட்டுப்போன ரகசியக் குறிப்பாம். அதற்குப் பிறகு வருகிற லிப்ட் அக்கா பழைய அக்கா இல்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து ஆள். வெளியே அதே மௌனம், உள்ளே துரோகம். கடைசியில் இடிக்கையனைக் காட்டிக் கொடுப்பவள் அவள்தான். இதை நம்பித்தான் அவர் இருநூறு பக்கம் ஓட்டியிருந்தார். ஆனால் ஒரு விமர்சகர் பத்திரிகையில், ‘அச்சுப் பிழைமேல் கட்டிய மாளிகை’ என்று ஒரே வரியில் இடித்துத் தள்ளிவிட்டார். ஓவியர் உயிரோடு இல்லை, மூலப்படத்தைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சம் இருக்கிற ஒரே சாட்சி அண்ணி.

“ஓவியர் அப்படித்தான் வரைஞ்சு கொடுத்தாருன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா.”

வரைந்ததே அப்படி என்றால் மாற்றி எடுத்தவன் யாருமில்லை! என் அண்ணன் தப்பு செய்யவில்லை! நான் அவர் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, வேலை போனது முதல் வாசலில் ஒருவன் பட்டப்பெயர் சொல்லிக் கேட்டதுவரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் பையிலிருந்து நோட்டை எடுத்தார். “ரெண்டாம் பதிப்பு முன்னுரைல உங்க அண்ணன் பேரைப் போட்டு, செய்யாத தப்புக்குத் தண்டிக்கப்பட்டவர்னு எழுதிடறேன் மேடம். இவங்க சொல்லட்டும்.”

அண்ணி கத்தியைக் கீழே வைத்தாள்.

“அது குறிப்பும் இல்ல, ரகசியமும் இல்ல தம்பி. ஃபிலிம் திரும்பிடுச்சு. தப்பு தப்புதான்.”

அவ்வளவுதான். காய்க் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைப் போர் என்றுதான் சொல்ல வேண்டும். “ஒரு வார்த்தை, அண்ணி! தலையை ஆட்டினாக்கூடப் போதும்!” என்று நான் பின்னாலேயே போவேன். “பொய்க்குத் தலையாட்ட எனக்குக் கழுத்து சுளுக்கு” என்பாள். “செத்தவன் பேரு நல்லாகும்னா ஒரு பொய் சொன்னா என்ன?” என்று கேட்டால், “அவர் பேரு எப்படி இருந்தா உனக்கு என்ன ஆகுது?” என்பாள். புருஷனைப் பற்றிப் பேசுகிற பேச்சா அது? கல்நெஞ்சக்காரி என்றேன். நன்றி கெட்டவள் என்றேன். அவள் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்தாள். என் வாயை அடைக்க அவள் கண்டுபிடித்த வழி அது.

நடுவில் அந்த நாவலை மட்டும் முழுக்கப் படித்தாள், கையில் பென்சிலோடு. மூன்று வாரம். ஓரங்களில் கோடு, கேள்விக்குறி. நான் மறைவாக எடுத்துப் பார்த்தேன். லிப்ட் அக்கா நான்காவது மாடி போய்ச் சேர்வதற்குள் ஒன்பது பக்கம் யோசிக்கிற இடத்தில், ‘இதற்குள் ஆள் இறங்கிப் போயிருப்பான்’ என்று எழுதியிருந்தாள். அவள் இடிக்கையன்மேல் சொல்லாத காதல் வைத்திருந்ததாக வருகிற பக்கத்தில் ஒரே சொல்: ‘எதற்கு?’ எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டேனே என்ற கோபம் தனி.

நூலகத்து மாடியில் வாசகர் கூட்டம் வைத்தார்கள். அண்ணியை அழைத்திருந்தார்கள். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் பார்த்தால் இஸ்திரி போட்ட புடவையோடு கிளம்பி நிற்கிறாள்.

“வர்றேன். ஆனா கேட்டா உள்ளதைத்தான் சொல்வேன்.”

“உள்ளதே நல்லதா இருக்கட்டும்” என்றேன். மனசு மாறிவிட்டாள் என்று நம்பினேன். முட்டாள்.

நாற்பது பேர் இருக்கும். பாதிப் பேர் தலை நரைத்த பழைய காமிக்ஸ் வாசகர்கள், அவரவர் பிளாஸ்டிக் உறையில் பழைய இதழ்களோடு. சுவரில் அந்த அறுபத்தொன்றாம் இதழின் கடைசிப் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். அதற்குப் பக்கத்திலேயே அண்ணிக்கு நாற்காலி. நாவலாசிரியர் அரை மணி நேரம் பேசினார். துணைப் பாத்திரங்கள்தான் உண்மையான வீரர்களாம், வீரன் ஒரு தடவைதான் முகமூடி போடுகிறான், அவர்கள் நாள் முழுக்கப் போடுகிறார்களாம். கைதட்டினார்கள். மைக்கை அண்ணியிடம் கொடுத்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க தம்பி” என்று ஆரம்பித்தாள். “நீளத்தைச் சொல்றேன்.”

சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“அவ வாயைத் திறக்காம இருந்தது அவன்மேல இருந்த ஆசையிலன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் துரோகம்னு எழுதியிருக்கீங்க. ரெண்டுமே அவனைச் சுத்தியே இருக்கு. ஸ்டூல்ல உக்காந்து சம்பளத்துக்கு வேலை பாக்கிறவ அவ. பேசினா யாருக்கு வேலை போகும், பேசலேன்னா யாருக்குப் போகும்னு யோசிச்சிருக்க மாட்டாளா? அதை நீங்க ஒரு பக்கம்கூட எழுதல.”

“அருமையான பார்வைம்மா” என்றார் அவர், நோட்டைப் புரட்டிக்கொண்டே. “ஆனா மச்சம்? அது ஓவியர் செஞ்சதுதானே?”

“நான் செஞ்சது.”

நான் எழுந்துவிட்டேன், யாரோ பின்னாலிருந்து உட்காருங்கள் என்றார்கள்.

“ஃபிலிமுக்கு ஒரு பக்கம்தான் படம் பதியிற மருந்து இருக்கும், அந்தப் பக்கம் மாறினா படம் திரும்பிடும். ஓரத்துல அம்புக்குறி போட்டுத்தான் கேமராவுலேர்ந்து வரும். அன்னைக்கும் சரியாத்தான் வந்துச்சு. முழுப்பக்கப் படம், அதனால ஓரத்தை வெட்டணும். வெட்டினா குறி போயிடும். ரெண்டு பக்கமும் கண்ணுக்கு ஒண்ணுபோலத்தான் இருக்கும். சுரண்டிப் பாத்தா படம் கெட்டுடும். அதுக்கு எங்க வேலைல ஒரு வழி உண்டு. உதட்டை ஈரம் பண்ணிக்கிட்டு ஃபிலிமை லேசா வெச்சுப் பாக்கணும். மருந்துப் பக்கம்னா ஒட்டும், மத்த பக்கம் ஒட்டாது. ஒரு நாளைக்கு நூறு தடவை வெப்போம். அன்னைக்கு என்னால வெக்க முடியல. உதடு கிழிஞ்சு வீங்கியிருந்துச்சு. காலைல என் வீட்டுக்காரர் அடிச்சிருந்தார்.”

நாவலாசிரியர் எழுதுவதை நிறுத்தினார்.

“கண்ணால பாத்து ஒட்டிடலாம்னு நினைச்சேன். என் முகம்தானே. ஆனா என் முகத்தை நான் பாத்ததெல்லாம் கண்ணாடிலதான். திரும்பிக் கிடந்த படம் கண்ணாடில இருக்கிற மாதிரியே இருந்துச்சு. சரியா இருக்குன்னு டேப் போட்டுட்டேன். முதலாளி கேட்டப்போ தெரிஞ்சுதான் பொய் சொன்னேன். என் தப்புன்னு சொன்னா என் வேலை போயிருக்கும். வேலையும் போய், அடியும் வாங்கிட்டு வீட்ல உக்காந்திருக்கணும். அவருக்குப் போச்சு. அப்புறம் வீடு என் சம்பளத்துல நடந்துச்சு. அன்னைலேர்ந்து அவர் கை ஓங்கினதே இல்ல. சாகிற வரைக்கும் தான்தான் தப்பு பண்ணினோம்னு நினைச்சுக்கிட்டிருந்தார். எனக்குத் தெரியும். சொல்லல. சொல்லணும்னும் தோணல.”

மைக்கை மேசைமேல் வைத்தாள். சுவரிலிருந்த ஆளுயர முகமும் இவளும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டிலும் ஒரே கடுகடுப்பு.

நாற்பது பேர் முன்னால் செத்தவனைத் தோலுரித்துவிட்டாளே! அவன் திரும்பி வந்து பதில் சொல்லவா போகிறான்? நாவலாசிரியர் என் பக்கம் திரும்பினார். அவருக்கு வியர்த்திருந்தது.

“மேடம், நீங்களும் அந்த வீட்லதானே இருந்தீங்க? இது…”

“கதவு இடிச்சது” என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்தச் சொல் என்று யோசிக்கக்கூட இல்லை. முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்ன அதே சொல், அதே குரல். “அன்னைக்கு அவங்களைக் கதவு இடிச்சிடுச்சு. எங்க அண்ணன் கோபக்காரன்தான், கை நீட்டறவன் இல்ல. வயசாயிடுச்சு, அண்ணிக்கு எல்லாம் குழம்புது.”

எல்லோருக்கும் மூச்சு வந்தது. கதவு என்றால் யாரையும் திட்ட வேண்டியதில்லை. ஒருவர் தலையாட்டினார். இன்னொருவர் அண்ணிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், நோயாளிக்குக் கொடுப்பதுபோல. அவள் வாங்கிக் குடித்தாள். என்னை மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஜன்னல் பக்கம் அவள், வழிப்பக்கம் நான். அவள் இறங்க நான் எழுந்து வழிவிட வேண்டியிருந்தது.

போன வாரம் இரண்டாம் பதிப்பு வந்தது. நாவலாசிரியர் நல்லவர், சொன்னபடி முன்னுரை எழுதியிருக்கிறார். அண்ணன் பெயர் முழுசாக, முதலெழுத்தோடு. ‘ஒரு கதவு இடித்து ஒரு தொழிலாளியின் உதடு காயப்பட்டது, அந்தச் சிறு விபத்து ஒரு நிரபராதியின் வேலையைப் பறித்தது, தமிழ்க் காமிக்ஸின் மிக அழகான மர்மத்தையும் தந்தது.’ நிரபராதி என்று அச்சில் போட்டிருக்கிறார்கள். இனி எவனும் அவனை ‘மச்சம்’ என்று கூப்பிட முடியாது.

அண்ணி நின்றுகொண்டே படித்தாள். புத்தகத்தை மூடி மேசையின் என் பக்கமாகத் தள்ளினாள்.

“உனக்கு வேண்டியது கிடைச்சிடுச்சுல்ல?”

துணி காயப்போடப் போய்விட்டாள்.

கிடைத்துவிட்டது. நாலு நாளாக அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்க்கிறேன். அண்ணன் பெயரைப் பார்த்தால் அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அண்ணியை எனக்கு இன்றும் பிடிக்காது. இதை எழுதுவது அவளுக்காக இல்லை. மூன்றாம் பதிப்பு வந்தால் நாவலாசிரியர் திருத்திக்கொள்ளட்டும், வராவிட்டால் இது இப்படியே இருக்கட்டும்.

கதவு இடிக்கவில்லை. அண்ணன்தான் அடித்தான், புறங்கையால், இரண்டு தடவை. நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டெலிபோன் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தெருவில் பக்கத்து வீட்டுக்காரி என்ன சத்தம் என்று கேட்டாள்.